பிஎம்ஐ 25.7: ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர் எப்படி வந்தது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் எழுதிக்கொள்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். உயரம் 172 செ.மீ., எடை 76 கிலோ. அலுவலகத்தின் வருடாந்திரப் பரிசோதனை அறிக்கையில் பிஎம்ஐ (உடல் நிறை குறியெண்) 25.7, ‘அதிக எடை’ என்று போட்டிருக்கிறார்கள். அதே எண்களைக் கைபேசிச் செயலியில் போட்டால் ‘உடல் பருமன்’ என்று சிவப்பில் காட்டுகிறது. ஜிம் பயிற்சியாளரோ, “பிஎம்ஐயே ஒரு குப்பைக் கணக்கு, அதற்குத் தசை எது கொழுப்பு எது என்றே தெரியாது” என்கிறார். இதற்கிடையில், பிஎம்ஐ 22 என்று ‘சரியான எடை’யில் இருக்கும் உங்கள் அக்காவுக்குச் சர்க்கரை நோய் வந்திருக்கிறது. போதாக்குறைக்கு 9 வயது மகனுக்குக் கணக்குப் போட்டால் 17.5, ‘எடை குறைவு’ என்று வருகிறது. இந்த எண்ணை நம்பலாமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. எழுதாமல் விட்ட கேள்வி, “எனக்கு ஏதாவது ஆகிவிடுமா” என்பது. இரண்டுக்கும் முடிந்தவரை பதில் சொல்கிறேன். நான் பொது மருத்துவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் சர்க்கரை, ரத்த அழுத்தக்காரர்கள். உடல் பருமன் ஆராய்ச்சியாளன் இல்லை; உங்களை நேரில் பரிசோதித்தவனும் இல்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கணக்கு எளிது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். உங்களுக்கு 1.72-ஐ 1.72-ஆல் பெருக்கினால் 2.96, 76-ஐ அதால் வகுத்தால் 25.7. அறிக்கையும் செயலியும் இதுவரை ஒத்துப்போகின்றன. பிரிவது அடுத்த படியில்தான். உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான வரையறைப்படி 18.5-க்குக் கீழே எடை குறைவு, 25 முதல் அதிக எடை, 30 முதல் உடல் பருமன். உங்கள் அலுவலகப் பரிசோதகர் வைத்திருந்தது இந்த அட்டவணை. ஆசிய பசிபிக் மக்களுக்கென்று 2000-ல் ஒரு பரிந்துரை வந்தது. அதன்படி 23 முதல் அதிக எடை, 25 முதலே பருமன். இந்தியாவில் 2009-ல் மருத்துவர் குழு ஒன்று கூடி வகுத்த வரையறையும் இதேதான். உங்கள் செயலி அந்த அட்டவணையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆக யாரும் தப்பாகக் கணக்குப் போடவில்லை. கோட்டை வேறு வேறு இடத்தில் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கோடு எங்கே என்பதில் உலகமே ஒரு முடிவுக்கு வந்துவிடவில்லை. சீனாவில் அதிக எடை 24-லும் பருமன் 28-லும் தொடங்குகிறது. ஜப்பானில் 25-ஐத் தாண்டினாலே பருமன். 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசியர் பிரச்சினையை எடுத்து அலசியது. பழைய கோடுகளை அப்படியே வைத்துக்கொண்டு, 23, 27.5 போன்ற சில ‘கவனிக்க வேண்டிய இடங்களை’ மட்டும் சேர்த்துவிட்டு முடித்துக்கொண்டது. அமெரிக்காவில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1998 வரை அங்கே ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்பது அதிக எடையின் எல்லை. அந்த ஆண்டு அதை 25-க்கு இறக்கினார்கள். ஒரு கிராம்கூட ஏறாமல் கோடிக்கணக்கான பேர் ஒரே நாளில் ‘அதிக எடை’ ஆகிப்போனார்கள். இதைச் சொன்னதும், “அப்படியானால் எல்லாமே யாரோ உட்கார்ந்து எழுதியதுதானே” என்று சிலர் கேட்பார்கள். கோட்டை யாரோ எழுதியதுதான். கோட்டுக்குக் கீழே இருக்கும் சரிவை யாரும் எழுதவில்லை. எடை ஏற ஏற சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம், தூக்கத்தில் மூச்சுத் தடை எல்லாம் படிப்படியாகக் கூடுகின்றன. 24.9-க்கும் 25.1-க்கும் நடுவே பள்ளம் எதுவும் இல்லை. நடந்துகொண்டிருக்கும் ஏற்றத்தில் ஓரிடத்தில் ஒரு கல்லை நட்டு வைத்திருக்கிறார்கள்.

நமக்கு ஏன் கல்லை முன்னாலேயே நடுகிறார்கள் என்பதற்கு நல்ல சான்று 2021-ல் இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கு வாழும் சுமார் 14.7 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தார்கள். வெள்ளையர்களுக்கு பிஎம்ஐ 30-ல் எவ்வளவு சர்க்கரை நோய் வருகிறதோ, அதே அளவு தெற்காசிய வம்சாவளியினருக்கு 23.9-லேயே வந்திருந்தது. அதே நாடு, அதே மருத்துவச் சேவை. இடைவெளி மட்டும் ஆறு புள்ளி. உங்கள் முகவரி எனக்குத் தெரியாது, தமிழில் எழுதியிருப்பதால் வம்சாவளியை ஊகிக்கிறேன். அந்த ஊகம் சரியென்றால், சர்க்கரை விஷயத்தில் மட்டும் செயலியின் சிவப்பு எழுத்துக்கு நான் கொஞ்சம் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். மூட்டு வலிக்கோ மூச்சுத் தடைக்கோ இதே அளவு இறக்கம் பொருந்தும் என்று இந்த ஆய்விலிருந்து சொல்ல முடியாது. அது சர்க்கரையைப் பற்றிய ஆய்வு.

பயிற்சியாளரின் வாதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை. இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் மருத்துவரே இல்லை. அடோல்ஃப் கெட்டலே என்ற பெல்ஜியக் கணித, வானியல் அறிஞர். 1830-களில், ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று மக்கள்தொகையின் அளவுகளைத் தொகுத்துக்கொண்டிருந்தவர், வளர்ந்தவர்களில் எடை என்பது உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுவதைக் கவனித்தார். யார் குண்டு, யாருக்கு நோய் வரும் என்ற கேள்வியே அவரிடம் இல்லை. பிறகு ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் சொந்த எடை அட்டவணைகளை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் உடல்வாகு சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று பத்தி வேறு. 1972-ல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க உடலியல் அறிஞரும் குழுவினரும் ஐந்து நாடுகளின் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை அளந்து, இருக்கிற குறியெண்களுக்குள் கெட்டலேயுடையது மோசமில்லை என்று கண்டு, அதற்கு ‘உடல் நிறை குறியெண்’ என்று பெயர் வைத்தார்கள். மோசமில்லை என்பதுதான் அவர்கள் தொனி. அற்புதம் என்று அவர்களும் சொல்லவில்லை. அளந்தது ஆண்களை மட்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வர்க்கம் ஏன், மூன்றாம் அடுக்கு ஏன் இல்லை என்று கேட்பவர்களும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு கணித அறிஞர் நிக் ட்ரெஃபெதன் 2013-ல், 2-க்குப் பதில் 2.5 என்ற அடுக்கு போட்டால் நியாயமாக இருக்கும் என்றார். இப்போதைய கணக்கு குள்ளமானவர்களை உள்ளதைவிட ஒல்லியாகவும் நெட்டையானவர்களை உள்ளதைவிடப் பருமனாகவும் காட்டுகிறது என்பது அவர் குறை. 172 செ.மீ.க்கு இதனால் பெரிய மாற்றம் வராது, விட்டுவிடுவோம்.

எடைக் கருவிக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான், நீரும் ஒன்றுதான். சிறுநீரகம் பழுதாகிக் கால் வீங்கி வருகிறவரின் பிஎம்ஐ ஏறியிருக்கும், அது நீர். பத்து வருடமாக முறையாக எடை தூக்குகிறவருக்கு 28 வரும், அது தசை. இதுவரை பயிற்சியாளர் சொல்வது சரி. ஆனால் இந்த வாதத்தை என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து சொல்பவர்களில் பெரும்பாலோர் பத்து வருடம் எடை தூக்கியவர்கள் இல்லை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள். பிஎம்ஐ பிழையானது என்று கேள்விப்பட்டதும், பிழை நமக்குச் சாதகமாக இருக்கும் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அது தவறும் இடங்களில் பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் தவறுகிறது. 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 13,600 பேரின் உடல் கொழுப்பு விகிதத்தை அளந்து, பிஎம்ஐ 30 என்ற கோட்டோடு ஒப்பிட்டார்கள். ஆண்களுக்கு 25 சதவீதம், பெண்களுக்கு 35 சதவீதம் கொழுப்பைத் தாண்டினால் பருமன் என்று வைத்துக்கொண்டார்கள். கொழுப்பு கூடுதலாக இல்லாத ஆண்களில் 95 சதவீதம் பேரை பிஎம்ஐ சரியாகவே விட்டுவிட்டது. பெண்களில் 99 சதவீதம். அதாவது, தசையைக் கொழுப்பென்று தப்பாகப் பிடித்த வழக்குகள் மிகக் குறைவு. ஆனால் கொழுப்பு கூடுதலாக இருந்த ஆண்களில் 36 சதவீதம் பேரைத்தான் அது பிடித்தது. பெண்களில் 49 சதவீதம். மீதிப்பேர் ‘பருமன் இல்லை’ என்ற சீட்டோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். கொழுப்பு விகிதக் கோடுகளும் யாரோ நட்ட கற்கள்தான், அவற்றை மாற்றினால் இந்தச் சதவீதங்களும் மாறும். திசை மாறாது என்று நினைக்கிறேன். சுருங்கச் சொன்னால், பிஎம்ஐ கூடுதல் என்று காட்டினால் அநேகமாக நம்பலாம். சரி என்று காட்டினால் உடனே நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இரண்டு மருத்துவ ஆராய்ச்சியாளர்களின் புகைப்படம். புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் ஜான் யுட்கின். 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் தங்களையே மாதிரியாக வைத்து அரைப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. டெக்சா என்ற, உடல் கொழுப்பை அளக்கும் எக்ஸ்ரே ஸ்கேனில் பார்த்தால் யுட்கினுக்கு உடல் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. படத்தில் இருவரும் வெள்ளைச் சட்டையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். பார்த்தால் ஒன்றும் தெரியாது. யுட்கின் மாரத்தான் ஓடுபவர் என்றும், தன் முக்கிய உடற்பயிற்சி காலையில் லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் ஏறுவதுதான் என்றும் யாஜ்னிக் தன்னையே கிண்டல் செய்துகொண்டிருப்பார். ஒரே எண், இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு. வகுப்பில் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் விளக்குவதை அந்த ஒரு படம் செய்துவிடும்.

உங்கள் அக்காவின் கதை இங்கேதான் வருகிறது. எவ்வளவு கொழுப்பு என்பதோடு, அது எங்கே சேர்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். இதை 1947-லேயே ஜான் வாக் என்ற ஃபிரெஞ்சு மருத்துவர் கவனித்து எழுதினார்: உடலின் மேற்பாதியில், வயிற்றில் கொழுப்பு சேர்பவர்களுக்குத்தான் சர்க்கரையும் ரத்தக்குழாய் நோயும் அதிகம், தொடை, பிட்டத்தில் சேர்பவர்களுக்கு அவ்வளவு இல்லை. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு பெரும்பாலும் ஒரு சேமிப்புக் கிடங்கு. கிடங்கு சிறியதாக இருப்பவர்களுக்குச் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. மிஞ்சியது குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் கணையத்திலும் போய்த் தங்குகிறது. கொழுப்பு தங்கிய கல்லீரல் இன்சுலினுக்குக் கட்டுப்பட மறுக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கிடங்கின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும், பரம்பரைக்கும் அதில் பங்கு உண்டு. இந்த விளக்கத்தை இன்று பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் ஏற்கிறார்கள். தெற்காசியர்களுக்கு இது ஏன் முன்கூட்டியே நடக்கிறது என்பதில்தான் ஏகப்பட்ட கருத்துகள்: கருவிலேயே கிடைத்த ஊட்டக் குறைவு, தசை குறைவாக இருப்பது, கணையம் இன்சுலின் சுரக்கும் திறன் குறைவாக இருப்பது என்று. எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது, தீர்ப்பு வரவில்லை.

இதில் நானே சறுக்கியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த மூன்றாவது, நான்காவது வருடம். நாற்பது வயதுக்காரர் ஒருவர் தோள் வலி என்று வந்தார். கை கால் மெலிந்து, சட்டைக்குள் மட்டும் சின்னப் பந்து போல வயிறு. பிஎம்ஐ 22-க்கும் கீழே. “எடையெல்லாம் பிரமாதமாக இருக்கிறது” என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது, அவருக்கும் நினைவிருந்தது. இரண்டு வருடம் கழித்துக் கால் புண் ஆறவில்லை என்று வந்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை 260. “நீங்கதான் சார் பிரமாதம்னு சொன்னீங்க” என்றார், கோபம்கூட இல்லாமல். அன்று தோள் வலிக்கு வந்தவருக்கு ஒரு சர்க்கரைப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகிப்போவது சகஜம் என்று பாடத்திலேயே இருக்கிறது. மேஜை இழுப்பறையில் இடுப்பை அளக்கும் டேப் ஒன்றை அதன் பிறகுதான் வாங்கிப் போட்டேன். உங்கள் அக்கா விஷயத்தில் ஒரு வார்த்தை: ஒல்லியானவருக்கு வரும் சர்க்கரை எல்லாமே வயிற்றுக் கொழுப்பால் வருவதில்லை. இன்சுலின் சுரப்பே குறைந்துபோகும் வகைகளும் உண்டு, அவற்றுக்கு வைத்தியம் வேறு. அவர் எடை தானாக இறங்கிக்கொண்டிருந்தால், அல்லது மாத்திரைக்குச் சர்க்கரை அடங்கவில்லை என்றால், எந்த வகை என்று பார்க்கச் சொல்லி அவர் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

டேப் என்றேன், அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் மிகப் பயனுள்ள பதில் அதுதான். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பு 2022-ல் ஒரு எளிய விதியைச் சேர்த்தது: இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்கட்டும். உங்களுக்கு 172-ல் பாதி 86 செ.மீ. உயரத்தில் 0.6 பங்கைத் தொட்டால், அதாவது உங்களுக்கு 103 செ.மீ., ஆபத்து இன்னும் அதிகம் என்று அர்த்தம். இந்திய வரையறையில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. என்று நேரடி எண்களும் உண்டு. 2005-ல் 52 நாடுகளில் சுமார் 27,000 பேரை வைத்து நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், மாரடைப்பு வரப்போவதைக் காட்டுவதில் இடுப்புக்கும் பிட்டத்துக்கும் உள்ள விகிதம் பிஎம்ஐயைத் தெளிவாக முந்தியது. நான் அந்த விகிதத்தைவிடப் பாதி உயர விதியையே சொல்வேன். ஒரு அளவு எடுத்தால் போதும், வீட்டில் யாரும் எடுக்கலாம்.

எடுக்கும் விதத்தில்தான் கோளாறு. பேண்ட் அளவு 34 அங்குலம், அதாவது 86 செ.மீ., ஆகவே தப்பித்தேன் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். தொப்பை வளர வளர பேண்ட் அதற்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும். பத்து வருடம் அதே அளவு பேண்ட் போட்டவர்களின் இடுப்பு பத்து செ.மீ. ஏறியிருப்பதை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். சட்டையைத் தூக்கிவிட்டு, விலா எலும்பின் கடைசி விளிம்பைப் பக்கவாட்டில் விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். பிறகு இடுப்பெலும்பின் மேல் முனையை. இரண்டுக்கும் சரி நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். அது அநேகமாகத் தொப்புளுக்குப் பக்கத்தில் வரும், ஆனால் தொப்புளையே அடையாளமாக வைக்காதீர்கள், தொங்கும் வயிற்றில் தொப்புளும் தொங்கும். டேப் முதுகுப் பக்கம் இறங்கியிருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். சாதாரணமாக மூச்சு விட்டு, விட்டு முடித்த நேரத்தில் படிக்க வேண்டும். டேப்பை எடுத்தவுடன் எல்லோரும் வயிற்றை உள்ளே இழுப்பார்கள், என்னையும் சேர்த்து. நான் அந்த நேரத்தில் “பெயர், வயசு சொல்லுங்க” என்று கேட்பேன். பேசிக்கொண்டே வயிற்றைப் பிடித்து வைத்திருக்க யாராலும் முடியாது.

உயரத்தையும் ஒருமுறை சரியாக எடுத்துவிடுங்கள். ஆண்கள் சொல்லும் உயரம் இளமையில் யாரோ எடுத்தது, அதோடு ஓரிரு செ.மீ. பாசத்தில் சேர்ந்திருக்கும். வர்க்கக் கணக்கு என்பதால் இது சும்மா போகாது. 76 கிலோவுக்கு 175 செ.மீ. என்று சொன்னால் பிஎம்ஐ 24.8, உலக அட்டவணையில் ‘சரியான எடை’. 170 என்றால் 26.3. எடை காலைக்கும் மாலைக்கும் ஒரு கிலோ சாதாரணமாக ஆடும், அது உங்கள் கணக்கில் 0.3 புள்ளி. ஆகவே 25.7-ல் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 7-ஐ வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாதத்தை வைத்தால் கொழுப்புச் சதவீதம் காட்டும் எடைக் கருவி ஜிம்மில் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அது உடம்புக்குள் மிக மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, எவ்வளவு தடை வருகிறது என்று பார்த்து, நீரின் அளவை ஊகித்து, அதிலிருந்து கொழுப்பை ஊகிக்கிறது. ஊகத்தின் மேல் ஊகம். தண்ணீர் குடித்தது, வியர்த்தது எல்லாம் எண்ணை ஆட்டும். ஒரே கருவியில், ஒரே நேரத்தில், மாதக்கணக்கில் பார்த்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனிக்கலாம். ஒரு நாள் காட்டிய எண்ணை வேதவாக்காக எடுக்காதீர்கள். டெக்சா துல்லியமானது, ஆனால் உங்கள் நிலையில் அதைத் தேடிப் போக அவசியம் இல்லை. டேப் சொல்வதற்கு மேல் உங்கள் வைத்தியத்தை மாற்றும்படி அது எதுவும் சொல்லப்போவதில்லை.

இனி, “ஏதாவது ஆகிவிடுமா” என்ற கேள்வி. 25 முதல் 30 வரையுள்ளவர்களின் ஆயுள் குறைகிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களே பலமாக மோதிக்கொண்டார்கள். 2013-ல் கேதரின் ஃபிளேகலும் குழுவினரும் 97 ஆய்வுகளைத் தொகுத்து, இந்த வகுப்பினரின் இறப்பு விகிதம் ‘சரியான எடை’க்காரர்களைவிட 6 சதவீதம் குறைவு என்று எழுதினார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. எதிர்த்தவர்கள் சொன்ன காரணத்திலும் நியாயம் இருந்தது: புகைப்பவர்களும், உள்ளே நோய் இருந்து இளைத்துக்கொண்டிருப்பவர்களும் குறைந்த எடைப் பக்கம் சேர்ந்து அந்தப் பக்கத்தின் கணக்கைக் கெடுத்திருப்பார்கள். 2016-ல் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களின் தரவுகளை எடுத்து, புகைத்தவர்களையும் ஏற்கெனவே நாள்பட்ட நோய் இருந்தவர்களையும் முதல் ஐந்து வருடத்தில் இறந்தவர்களையும் நீக்கிவிட்டுப் பார்த்தபோது, 20 முதல் 25 வரைதான் ஆபத்து குறைவு என்று வந்தது. நான் இரண்டாவது முடிவின் பக்கம் சாய்கிறேன். ஆனால் அதிலும் 25.7-க்கான கூடுதல் ஆபத்து சிறியதுதான். 35-ஐத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது என்பதிலும், 18.5-க்கு வெகு கீழே போனாலும் நல்லதில்லை என்பதிலும் சச்சரவே இல்லை. ஃபிளேகலின் கணக்கிலேயே 35-க்கு மேல் இறப்பு 29 சதவீதம் கூடுதல். எழுபதைத் தாண்டியவர்களுக்குக் கொஞ்சம் சதைப்பிடிப்பு இருப்பது கெடுதல் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், வீட்டில் வயதானவர்களை இளைக்கச் சொல்லி விரட்டுபவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

மருத்துவ உலகமும் மெல்ல இந்தப் பக்கம் வருகிறது. 2025 ஜனவரியில் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்த லான்செட் ஆணையம் ஒன்று, பிஎம்ஐயை மட்டும் வைத்து ஒருவருக்குப் பருமன் என்று சொல்லாதீர்கள், இடுப்பளவு போன்ற இன்னொன்றையாவது சேர்த்துப் பாருங்கள் என்றது. பிஎம்ஐ 40-ஐத் தாண்டியவர்களுக்கு மட்டும் அந்தக் கூடுதல் அளவு தேவையில்லை. கொழுப்பு மிகையாக இருந்து உறுப்புகள் பாதிக்கப்பட்டிருந்தால் ஒரு பெயர், மிகையாக இருந்தும் இன்னும் பாதிப்பு இல்லை என்றால் வேறு பெயர் என்று இரண்டாகவும் பிரித்தார்கள். பாதிப்பு இல்லாத இரண்டாவது வகையை எவ்வளவு தீவிரமாக வைத்தியம் செய்வது என்பதில் என் சக மருத்துவர்களிடையே வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது இவ்வளவுதான். இன்று இடுப்பளவு எடுப்பேன். இந்த மாதத்துக்குள் ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ரத்தக் கொழுப்பு, கல்லீரல் நொதிகள் ஆகியவற்றைப் பார்ப்பேன். அக்காவுக்குச் சர்க்கரை இருப்பதே பரிசோதிக்கப் போதுமான காரணம், பிஎம்ஐ 21 ஆக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். இடுப்பு 86-க்குக் கீழே, ரத்தமும் சுத்தம் என்றால் செயலியின் சிவப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வருடம் ஒருமுறை டேப்பை எடுங்கள். இடுப்பு 90-ஐத் தாண்டி, சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றால் எடையைக் குறைக்க அர்த்தம் இருக்கிறது, அதற்கு மலையைப் புரட்ட வேண்டியதில்லை. 2002-ல் வெளியான அமெரிக்கச் சர்க்கரைத் தடுப்பு ஆய்வில், எல்லைக்கோட்டில் இருந்தவர்களுக்குக் கொடுத்த இலக்கு எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் நடை போன்ற உடலுழைப்பும். அந்தக் குழுவில் சர்க்கரை நோயாக மாறியவர்கள் 58 சதவீதம் குறைவு. உங்களுக்கு 7 சதவீதம் என்றால் ஐந்தேகால் கிலோ. அதைக் குறைத்தாலும் பிஎம்ஐ 23.9-ல்தான் நிற்கும், செயலி அப்போதும் ‘அதிக எடை’ என்றுதான் காட்டும். அதன் வேலை அது.

மகன் விஷயம்: பெரியவர்களின் அட்டவணையில் அவனை வைத்துப் பார்த்ததுதான் பிழை. குழந்தைகளின் பிஎம்ஐ வயதோடு இறங்கிப் பிறகு ஏறும், ஆகவே 18.5, 25 என்ற கோடுகள் அவர்களுக்குக் கிடையாது. வயது, பாலினம் பார்த்து வளர்ச்சி வரைபடத்தில் வைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2007-ம் ஆண்டு வரைபடத்தில் 9 வயதுப் பையனுக்கு நடுமதிப்பே சுமார் 16. 17.5 என்பது அதற்குச் சற்று மேலே, இயல்பான எல்லைக்குள். எடை குறைவு என்று நினைத்துச் சத்து மாவு, டானிக் என்று எதையாவது ஆரம்பித்திருந்தால் நிறுத்திவிடுங்கள்.